வாயில்காப்போன் இல்லாத நாடக விழா

இரண்டாம் உலக மகாயுத்தம் ஓய்ந்து இரண்டு வருஷங்கள் சென்றபின், யுத்தத்தால் நொந்து கிடந்த ஐரோப்பிய மக்களின் உள்ளங்களுக்குச் சங்கீதத்தாலும் நாடகத்தாலும் ஆறுதல் அளிக்க வேண்டும் என்ற உத்தமமான நோக்கத்தோடு, 1947-இல் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஒரு சர்வதேசக் கலைவிழா ஆரம்பமாயிற்று. பிரசித்தி பெற்ற கலைஞர்கள் முறைப்படி வரவழைக்கப்பட்டிருந்த அவ்விழாவுக்கு, ஒருவரும் அழைக்காமலே எட்டு நாடகக் குழுக்கள் வந்து சேர்ந்தன. விழா அரங்குகளில் தங்களுக்கு இடமில்லை என்பதற்காக அவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. கிடைத்த கூடங்களிலெல்லாம் ஆடினார்கள். ஒரு குழு ஃபோர்த் கழிமுகத்துக்கு அக்கரையிலுள்ள டன்ஃபர்ம்லின் தேவாலயத்தில் ‘எவ்ரிமேன்’ என்னும் பழைய நீதி நாடகத்தை நடத்தியது.

மறு வருஷம் ராபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர், பெரிய விழாவின் ஓரத்தில் நடக்கும் இந்நாடகங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகையில், விளிம்பு என்று பொருள்படும் ‘ஃபிரிஞ்ச்’ என்ற சொல்லைக் கையாண்டார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. 1958-இல் இதற்கென ஒரு சங்கம் தோன்றியபோது, எந்த நாடகம் தகும், எது தகாது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அது தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. ஃபிரிஞ்ச் விழாவின் ஜீவநாடி இந்த ஒரு கொள்கையில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் வாயிலில் தடுப்பாரில்லை என்றால், உள்ளே தாங்குவாரும் இல்லை. பதிவுக் கட்டணம், கூடத்து வாடகை, விழா நடக்கும் ஆகஸ்டு மாதத்தில் ஏறிவிடும் தங்குமிடச் செலவு ஆகிய யாவும் பெரும்பாலும் ஆடுகிறவர் தலையிலேயே விழும். கூடம் என்பதும் மாதாகோயிலைச் சேர்ந்த மண்டபமாகவோ, மதுக்கடையின் மாடியறையாகவோ, நிலவறையாகவோ இருக்கும். காலை முதல் நள்ளிரவு கடந்தும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக நாடகங்கள் நடக்குமாதலால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமும், சாமான்களை அடுக்கவும் அகற்றவும் சில நிமிஷங்களுமே கிடைக்கும். ஆகவே ஒரே நாற்காலி சிம்மாசனமாகவும், படகாகவும், மரணப் படுக்கையாகவும் மாற வேண்டியிருக்கிறது. இந்த வறுமையே கற்பனைக்குக் கூர்மை தருவதை நாடகப் பிரியர் எவரும் உணர்வர். ஆடாத வேளையில் நடிகர்கள் ஹை ஸ்டிரீட் என்னும் வீதியில் வேஷத்தோடு நின்று, மழையையும் பொருட்படுத்தாமல், போவோர் வருவோரிடம் துண்டுப் பிரசுரத்தை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

1966-இல் ஆக்ஸ்போர்டு மாணவர் குழு ஒன்று, ‘ஹாம்லெட்’ நாடகத்தின் இரு சிறு பாத்திரங்களைக் கதாநாயகர்களாக்கிய டாம் ஸ்டாப்பர்டின் ‘ரோசன்கிரான்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் மாண்டனர்’ என்ற நாடகத்தை இங்கே அரங்கேற்றியது. ‘அப்சர்வர்’ பத்திரிகையில் ரொனால்டு பிரைடன் எழுதிய பாராட்டு லண்டனை எட்டவே, மறு வருஷமே தேசிய நாடக சபை அதை மேடையேற்றியது.

2019-இல் மூவாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் போட்டியிட்ட அவ்வூரில், அத்தகைய பாக்கியம் வாய்ப்பவர் மிகச் சிலரே. கடனோடு ஊர் திரும்புகிறவர் பலர். பிற்பகல் காட்சிக்கு நான்கு பேர் மட்டும் வந்திருக்கலாம்; அந்நால்வரில் ஒருவர் விமரிசகராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாராயினும் அவர்களுக்காக முழு நாடகத்தையும் சிரத்தை குன்றாமல் ஆடி முடித்து, வெளியே காத்திருக்கும் அடுத்த குழு நுழையுமுன், அந்த ஒற்றை நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும்.