குருதி சொல்லும் செய்தி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஜோசப் முர்ரே தலைமையிலான மருத்துவக் குழு, ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டது. இந்தியாவில் இத்தகைய வெற்றி, 1971ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கிட்டியது. இன்று மாற்றுச் சிறுநீரகத்தால் மறுவாழ்வு பெற்றோர் எண்ணற்றோர். எனினும், பொருத்திய சிறுநீரகம் செம்மையாக இயங்கும் நிலையிலேயே அவர்களுள் சிலர் இதயநோயால் உயிரிழக்கின்றனர். இதற்குக் காரணம் என்ன?

இதயத்தின் சுமை

சிறுநீரகம் பழுதுற்றிருந்த காலத்தில் குருதி அழுத்தம் உயர்கிறது; தமனிச் சுவர்களில் கால்சியம் படிந்து அவை விறைக்கின்றன; இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. புதிய சிறுநீரகம் வந்த பின்னரும் இப்பாதிப்பு முற்றிலும் நீங்குவதில்லை. மேலும், புதிய உறுப்பை உடல் ஏற்க மறுக்காதிருக்க, நாள்தோறும் தடுப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டும். அவற்றுள் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் குருதிச் சர்க்கரையை உயர்த்தக்கூடும். சைக்ளோஸ்போரின் கொழுப்பையும் குருதி அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். உறுப்பைக் காக்கும் மருந்தே இதயத்திற்குச் சுமையாவதும் உண்டு.

உயிர்க்குறிகாட்டிகள்

உடலின் நிலையை அளந்து அறிய உதவும் பொருள்கள் உயிர்க்குறிகாட்டிகள் எனப்படும். இதயத் தசை சிதையும்போது ட்ரோபோனின் என்னும் புரதம் குருதியில் கலக்கிறது. இதயச் சுவர் மிகுதியாக விரிவடையும்போது என்.டி. புரோ பி.என்.பி. என்னும் பொருள் பெருகுகிறது. உடலில் அழற்சி ஏற்படின், கல்லீரல் சுரக்கும் சி வினைப்புரதம் கூடுகிறது. நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்பட்டோர்க்கு மாரடைப்பிலும் நெஞ்சுவலி தோன்றாதிருக்கலாம். வலி உணர்த்தாததைக் குருதி உணர்த்துவதே இச்சோதனைகளின் பயன்.

எண்ணும் பொருளும்

ஆயினும், ஓர் எண்ணை மட்டும் கண்டு முடிவு கூறுதல் பிழையாகும். ட்ரோபோனினும் என்.டி. புரோ பி.என்.பி.யும் குருதியிலிருந்து நீங்குவதில் சிறுநீரகத்திற்கும் பங்குண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தால், இதயத்தில் புதிய பாதிப்பு ஏதுமின்றியும் இவற்றின் அளவு உயர்ந்து காணப்படலாம். சி வினைப்புரதமோ சாதாரண நோய்த்தொற்றிலும் உயரும். ஆகவே, மருத்துவர் சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் உடன்நோக்குவார். அதே நோயாளியின் முந்தைய அளவுகளோடு ஒப்பிடுவார். இதய மின்னலை வரைபடத்தையும் மீயொலிச் சோதனையையும் துணைகொள்வார். ஓர் அளவைவிட, அது காலப்போக்கில் மாறும் போக்கே மிகுந்த பொருள் தரும்.

நலமாக இருக்கிறோம் என எண்ணிச் சோதனையைத் தவிர்ப்பது தீது. பக்கவிளைவுக்கு அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்துவது அதனினும் தீது. பொருத்திய உறுப்பையே இழக்க நேரிடும். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. உப்பைக் குறைத்தல், புகையிலையை விலக்குதல், உடற்பயிற்சி, உரிய காலத்தில் சோதனை ஆகியன நோயாளியின் பொறுப்பு. இவ்விரு பொறுப்புகளும் இணையும்போதே, ஒருவர் அளித்த சிறுநீரகம் மற்றொருவரின் நீண்ட வாழ்வாக மலரும்.