வெயிலுக்குப் பழக உடம்புக்கு நாள் வேண்டும்

1774-இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் பிளாக்டனும் நண்பர்கள் சிலரும் அனலேற்றிய ஓர் அறைக்குள் புகுந்தார்கள். ஒரு சோதனையில் அறையின் சூடு 127 டிகிரி செல்சியஸைத் தொட்டது. உள்ளே வைத்த முட்டை வெந்தது, மாட்டிறைச்சியும் வெந்தது. அதே காற்றில் சில நிமிடங்கள் நின்ற மனிதர்களோ நல்லபடியாக வெளியே நடந்து வந்தார்கள்.

காற்று வறண்டிருந்ததால் வியர்வை உடனுக்குடன் ஆவியானது. அதுதான் காப்பாற்றியது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ரத்தத்தின் சூட்டை ஓயாமல் கவனிக்கிறது. சூடு ஏறினால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வைச் சுரப்பிகள் திறக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். தரையில் சொட்டிப்போகும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. கடற்காற்றின் ஈரத்தில் சென்னைப் புழுக்கம் ஆளை அடித்துப்போடுவது இதனால்தான்.

இன்னும் வியப்பானது, உடம்பு வெயிலைக் கற்றுக்கொள்ளும் விதம். தினமும் வெயிலில் உழைப்பவருக்கு முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது, நாடித்துடிப்பு நிதானப்படுகிறது. வியர்வை முன்னதாகவே அரும்புகிறது, அளவும் அதிகம். அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உதட்டில் வழியும் வியர்வையில் கரிப்பு குறைந்துவிடும். இத்தனையும் கைகூட ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். சில வாரம் நிழலில் இருந்துவிட்டால் பழக்கம் கரைந்துபோகும், மறுபடி பழகிக்கொள்ள வேண்டும்.

ஆபத்து, உடம்பு பழகும்வரையிலான அந்த நாட்களில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வெளிவேலையில் வெப்பத்தால் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலையின் முதல் சில நாட்களில் இறந்தவர்கள் என்கிறது அந்நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை. புதிய ஆளுக்கு முதல் நாள் வெயிலில் 20 சதவீத வேலை, பிறகு நாளொன்றுக்கு 20 சதவீதம் கூட்டிக்கொண்டு போவது என்ற முறையை அங்கே பரிந்துரைக்கிறார்கள்.

நம் கட்டட வேலைகளில் நடப்பது என்ன? ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பிய சித்தாள், வந்த அன்றே உச்சிவெயிலில் ஜல்லி சுமக்கிறார். தலை சுற்றி உட்கார்ந்தால் சோம்பேறிப் பட்டம். அவர் உடம்பில் குறையில்லை, பழக நாள் கொடுக்காதது நம் குறை. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு அரசு, இந்த முதல் வாரத்துக்கும் ஒரு விதி எழுத வேண்டும். மேஸ்திரிகளே, ஒப்பந்தக்காரர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். புது ஆளுக்கும் ஊரிலிருந்து திரும்பியவருக்கும் முதல் வாரம் காலையிலும் மாலையிலும் மட்டும் வெயில் வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.