இருவராய் ஏறிய கப்பல்

இலங்கை மலையகத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினாலே தலைக்கணக்கு வந்துவிடுகிறது: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வழியில் மாண்டார்கள். 1864இல் மூழ்கிய ஆதிலட்சுமி கப்பலோடு 120 பேர் போனதாக இன்றும் தோட்டங்களில் சொல்கிறார்கள். இம்மக்கள் இந்தியாவிலிருந்து வந்த 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள், காட்டுவழியில் விழுந்த அந்த முன்னோர்களுக்கே அஞ்சலி செய்தார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் கூலி என்ற ஒற்றைச் சொல்லுக்குள், புருஷனும் பெண்சாதியுமாகக் கடல் கடந்தவர்கள் கரைந்துபோயிருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தெடுத்துப் பார்க்காதவரை, இந்த மக்கள் வந்துபோன வழிப்போக்கர்கள் என்று குடியுரிமையை மறுக்க 1948இல் சொல்லப்பட்ட வாதத்துக்கு நம்மிடம் பாதிப் பதில்தான் இருக்கும்.

கோப்பிக் காலத்துக் கடற்பயணம் பெரும்பாலும் ஆண்களுடையது. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் துறைகளில் பாய்த்தோணி ஏறி, காற்று வாய்த்தால் ஓரிரவில் மன்னார்க் கரையைப் பிடிப்பார்கள். எதிர்க்காற்றில் சிக்கினால் தண்ணீருக்கே தட்டுப்பாடு. பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் கையிலிருந்த காசோடு ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகச் செடிகள் போயின. லூல்கந்துரா தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அந்த இடத்துக்கு வந்தபோது, கடல் கடந்தவர்களின் முகமும் மாறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஒரு மலையில் கொழுந்து எடுத்து ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பியாக வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் கொழுந்து முற்றிவிடும். வருடம் முழுக்க நிற்கிற கைகள் வேண்டும், அவை பெண்களின் கைகளாக இருக்கட்டும் என்று துரைமார் முடிவுசெய்தார்கள். கங்காணிகள் ஊருக்குப் போய்க் குடும்பங்களாகத் திரட்டினார்கள். தூத்துக்குடியில் மாலையில் நீராவிக் கப்பல் ஏறினால் விடியும்போது கொழும்பு. தளத்தில் விரித்த ஒரே பாயில் புருஷனும் பெண்சாதியும் பிள்ளையும் கிடந்த அந்த இரவில், ஒரு வீடே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது.

இதற்குச் சான்று தேடி ஆவணக் காப்பகம் போக வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்திலும் கண்முன்னே நிற்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, புகைபடிந்த சுவரோரம் ஓர் அடுப்பு. ஒரு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு என்று கணக்குப் போட்டுத்தான் லயம் என்ற வரிசை வீடுகளைக் கட்டினார்கள். பருவம் முடிந்து போகிறவர்களுக்கு, குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா தேவையில்லை. தேயிலை மலையில் அது இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்சம்பளம் வகுத்தபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று நிர்ணயித்தார்கள். பெண்ணுக்கு ஏன் 11 சதம் குறைவு என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனால் அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால், அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கே விலை போட்டிருப்பது தெரியும். குடும்பமாக விலை பேசி வேலை வாங்கிய நாடு, பிறகு அவர்களைத் தனியாள்களாகப் பார்த்து, இவர்கள் தங்க வந்தவர்கள் அல்லர் என்றது.

அவர்கள் ஊருக்குப் போய்வந்துகொண்டுதானே இருந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியபின் கடலிரவு சில மணி நேரமாகச் சுருங்கியது. மண்டபம் முகாமில் தடுப்பூசி போட்டு, துணிமணிகளை அவித்து, நாட்கணக்கில் காக்கவைத்தாலும், காதுகுத்துக்கும் குலசாமி கும்பிடவும் போனவர்கள் திரும்பி வந்தார்கள். எங்கே திரும்பினார்கள் என்பதுதான் கேள்வி. பேர் பதிந்திருந்த தோட்டத்துக்கு, பிள்ளைகள் விளையாடிய லயத்துக்கு. துரைமாரும்தான் ஆண்டுக்கணக்கில் லீவு போட்டுச் சீமைக்குப் போய்வந்தார்கள். போய்வருவது ஒட்டுறவின்மைக்குச் சான்று என்றால் அது அவர்களுக்கும் பொருந்த வேண்டும்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. குடும்பமாக வந்ததே கங்காணியின் கடனாலும் துரையின் கணக்காலும்தான், அதைக் குடியேற்றம் என்று எப்படிச் சொல்வது என்பது அது. கடன் பொய்யில்லை, பலர் ஏமாற்றி அழைத்து வரப்பட்டதும் பொய்யில்லை. ஆனாலும் ஒரு மண்ணில் உரிமை பிறப்பது அங்கே வாழ்ந்த வாழ்க்கையிலிருந்துதான். கூட்டிவந்தவனின் நோக்கத்துக்கு அதில் என்ன வேலை? கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் கங்காணி அழைத்து வந்தவர்கள் அல்லர். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து, 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட தம்பதி. மேடையில் அவர் பேச, கும்மியும் சிந்துமாக அந்த அம்மாள் பாடியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த கூட்டமாக இருந்திருந்தால் சங்கம் நின்றிருக்காது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. அடுத்த வருடமே இவர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது.

1949இன் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் தம்பதியாய் வந்தவர்கள் தங்க வந்தவர்கள் என்ற கணக்கைத் தானே ஒப்புக்கொள்கிறது. மணமானவருக்கு 7 வருட வசிப்பு போதும், மணமாகாதவருக்கு 10 வருடம் என்றது. மனைவியோடு இருப்பவன் நிலைத்திருப்பவன் என்பதுதானே அதன் பொருள்? ஆனால் அந்த மனைவியும் இங்கேயே இருந்துவந்தாள் என்று காட்ட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அந்த வழக்கத்தையே சந்தேகக் கண்ணால் பார்த்தது சட்டம். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்தது. பிறகு 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. அந்த டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட, கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். பெட்டிக்குள் இருந்தவர்கள் கையில் குடும்ப அட்டை இருந்தது. பிளாட்பாரத்தில் நின்ற அண்ணன் தம்பிகளுக்கு வேறு பட்டியல்.

1984இல் யுத்தத்தால் அந்தக் கப்பலும் நின்றது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1964 அக்டோபர் 30இலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் குடிமக்களாகலாம் என்று 2003இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியாவுக்குப் போனவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டார்கள். தலைமன்னார் துறைக்கு இன்னும் வரவில்லை. ஹட்டனில் இருக்கும் தங்கை கூடலூர் அண்ணனைக் கப்பலேறிப் போய்ப் பார்க்க வேண்டுமானால், முதலில் வடக்கே யாழ்ப்பாணக் கரைவரை போக வேண்டும்.