இரத்தம் வேண்டாம் என்று யார் சொல்லலாம்?

பிரசவத்தில் அதிக இரத்தம் இழந்த தாய். மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட இளைஞர். இரத்தச் சோகையால் துவண்டு போன குழந்தை. பாலிங், பீடோங், பாடாங் செராய் தோட்டப்புறங்களிலிருந்து சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் அவசரமாகக் கொண்டு செல்லப்படும் நோயாளிகளில் இப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள். "உடனே இரத்தம் ஏற்ற வேண்டும்" என்கிறார் டாக்டர். "எங்கள் சமயம் அதை அனுமதிக்காது" என்கிறது ஒரு குடும்பம். அந்த நேரத்தில் சட்டம் யார் பக்கம் நிற்கும்?

இந்தக் கேள்வி பெரும்பாலும் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்துவப் பிரிவினரைக் குறித்தே எழுகிறது. இரத்தத்தை விலக்க வேண்டும் என்ற பைபிள் கட்டளை இரத்தம் ஏற்றுவதற்கும் பொருந்தும் என்று 1945 முதல் அவர்களுக்குப் போதிக்கப்பட்டு வருகிறது. பிறர் கொடுக்கும் இரத்தத்தையோ, அதிலிருந்து பிரித்த சிவப்பணு, பிளாஸ்மா போன்றவற்றையோ அவர்கள் ஏற்பதில்லை. ஆனால், அவர்கள் மருத்துவத்தையே வெறுப்பவர்கள் என்று நினைப்பது தவறு. மருந்து, ஊசி, அறுவைச் சிகிச்சை எல்லாவற்றையும் ஏற்பவர்கள்தாம்.

சட்டம் முதலில் பார்ப்பது வயதை. 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருப்பவர், உயிரே போகக்கூடும் என்று தெரிந்தும் ஒரு சிகிச்சையை மறுக்கலாம். அவர் உடல் மீதான முடிவு அவருடையது. சிகிச்சையின் ஆபத்துகளை நோயாளியிடம் விளக்குவது டாக்டரின் கடமை என்று ஃபூ ஃபியோ நா வழக்கில் நமது கூட்டரசு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. முடிவெடுக்க வேண்டியவர் நோயாளி என்பதே அதன் அடிப்படை.

கனடாவில் விபத்தில் சிக்கி மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணின் பையில், இரத்தம் ஏற்றக் கூடாது என்று கையெழுத்திட்ட அட்டை இருந்தது. டாக்டர் அதை அறிந்தும் இரத்தம் ஏற்றினார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனாலும், 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 20,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா, வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

சரி, வேண்டாம் என்பது உண்மையில் நோயாளியின் குரல்தானா? இங்கிலாந்தில் 1992இல் இந்தக் கேள்வி எழுந்தது. விபத்துக்குள்ளான ஒரு கர்ப்பிணி, தாயாருடன் தனியே பேசிய பிறகு, இரத்தம் வேண்டாம் என்றார். தாயார்தான் அந்தச் சபையைச் சேர்ந்தவர், மகள் சேர்ந்திருக்கவில்லை. தாயாரின் செல்வாக்கு மகளின் சொந்த முடிவை அமுக்கிவிட்டது, நிலைமையும் அவருக்குச் சரியாக விளக்கப்படவில்லை என்று கருதிய நீதிமன்றம், இரத்தம் ஏற்றியது சட்டப்படி சரியே என்றது.

நம் குடும்பங்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கணவர், மாமியார், அண்ணன், சபைப் பெரியவர் யாராக இருந்தாலும், உறவு என்பதற்காக மட்டும் இன்னொருவருக்காக மறுத்துவிட முடியாது. நோயாளி நினைவிழந்து, முன்கூட்டி எதையும் சொல்லி வைக்காமலும் இருந்தால், உயிர் காக்கத் தேவையானதை டாக்டர் செய்யலாம்.

குழந்தை என்றால் நிலைமை வேறு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் முடிவு செய்யலாம் என்கிறது கூட்டரசு அரசியல் சட்டத்தின் 12(4)ஆவது பிரிவு. ஆனால், பிள்ளையின் சமயத்தைத் தேர்ந்தெடுப்பது வேறு. பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பது வேறு. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், பெற்றோர் தேவையான சிகிச்சையை மறுக்கும் பிள்ளையைப் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையாகக் கருதுகிறது. உடனடி ஆபத்து உண்டு என்று மருத்துவ அதிகாரி எழுத்து மூலம் உறுதிப்படுத்தி, பெற்றோர் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரி சிகிச்சைக்கு அனுமதி தரலாம். இது எந்தச் சமயத்தையும் பழிக்கும் சட்டம் அல்ல. தனக்காகப் பேச முடியாத பிள்ளைக்காகப் பேசும் சட்டம்.

அப்படியானால் குடும்பங்கள் என்ன செய்யலாம்? இரத்தம் வேண்டாம் என்பவர்கள் அதை அவசரப் பிரிவில் போய்ச் சொல்வதைவிட, கர்ப்ப காலப் பரிசோதனையிலேயே, அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. நேரம் இருந்தால் இரும்புச் சத்து மருந்து கொடுத்து இரத்த அளவை உயர்த்தலாம். இரத்த இழப்பைக் குறைக்கும் முறைகளைத் திட்டமிடலாம். பெரிய மருத்துவமனைக்கு முன்கூட்டியே அனுப்பலாம்.

இன்னொன்று, கையெழுத்து. தோட்டத்தில் வளர்ந்த முதியவர்கள் சிலருக்கு மலாய் பாரத்தைப் படித்துப் புரிந்துகொள்வது சிரமம். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். புரியாமல் போட்ட கையெழுத்து, ஏற்பதானாலும் மறுப்பதானாலும், அவருடைய முடிவாகிவிடாது.

நோயாளியை ஒரு முறையாவது தனியாக, அவர் மொழியில், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கட்டும். கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினர்கள் அதற்கு வழிவிட்டு, சற்று நேரம் வெளியே காத்திருப்பதே அவருக்குச் செய்யும் பெரிய உதவி.