ஊரகக் குடிநீருக்கான அரசு நிதி: புளோரோசிஸ் நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

குடிநீரில் அளவுக்கு மிஞ்சிய புளோரைடு கலந்திருப்பதால் பற்களையும் எலும்புகளையும் தாக்கும் நோய் புளோரோசிஸ் எனப்படும். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள் இந்நோயை நெடுங்காலமாக அறிவர். உடலில் படிந்த புளோரைடை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. பாதுகாப்பான மாற்றுக் குடிநீரே இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சையும் தடுப்பும் ஆகும்.

அந்த நீர் நாள் தவறாமல் வீட்டிற்கு வந்து சேர வேண்டுமானால், அதற்கான அரசு நிதி முறையாக ஒதுக்கப்பட்டு, உரிய பணிக்குச் செலவிடப்பட வேண்டும். குழாய் பதிப்பதற்கான நிதி ஒருமுறை தேவைப்படுவது. குழாயில் பாதுகாப்பான நீர் வந்துகொண்டிருப்பதற்கான நிதி ஆண்டுதோறும் தேவைப்படுவது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டையும், அண்மை ஆண்டுகளில் நிதி முறையில் ஏற்பட்டுள்ள மாற்றங்களையும், இன்னும் ஏற்பட வேண்டியவற்றையும், நோயாளிகளும் குடும்பத்தினரும் செய்யக்கூடியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

நோயைப் பற்றிய அடிப்படைச் செய்திகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி (ஐ.எஸ். 10500), ஒரு லிட்டர் நீரில் புளோரைடு 1.0 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாத நிலையில் மட்டும் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. கருங்கல் பாறை நிலத்தில் ஆழமாகத் தோண்டப்படும் ஆழ்துளைக் கிணறுகளில், பாறைகளிலுள்ள தாதுக்கள் கரைவதால் இந்த அளவு மீறப்படுகிறது. புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தெளிந்த நீரிலும் அது மிகுந்திருக்கலாம். பரிசோதனையின்றி அறிய இயலாது.

• பற்கள்: நிலைப்பற்களின் எனாமல் உருவாகும் காலம், ஏறத்தாழ பிறப்பு முதல் 8 வயது வரை. அக்காலத்தில் அருந்திய நீரின் பாதிப்பு, பற்கள் முளைத்த பின்னரே வெண்கோடுகளாகவும் மஞ்சள் அல்லது பழுப்புப் பட்டைகளாகவும் தெரியவரும். பல் துலக்குவதால் இக்கறை நீங்காது. பல் மருத்துவச் சிகிச்சையால் தோற்றத்தைச் சீர்செய்யலாம்.

• எலும்புகள்: பல ஆண்டுகள் தொடர்ந்து அருந்துவோருக்குக் கழுத்து, முதுகு, இடுப்பு ஆகியவற்றில் வலியும் விறைப்பும் தோன்றும். நிலை முற்றினால் முதுகு வளைதல், நரம்புகள் அழுத்தப்படுதல் ஆகியவை ஏற்படலாம். எலும்பில் உண்டான மாற்றம் மீளாது.

• சிறுநீரக நோயாளிகள்: உடலிலிருந்து புளோரைடு பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அது உடலில் மிகுதியாகத் தங்கும். அவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

எட்டு வயது வரையிலான காலம் ஒரு குழந்தைக்கு ஒருமுறைதான் வாய்க்கும். ஒரு குடிநீர்த் திட்டம் மூன்று ஆண்டுகள் பழுதுற்றுக் கிடந்து பின்னர் சீரமைக்கப்படலாம். அந்த மூன்று ஆண்டுகளில் உருவான பற்களைச் சீரமைக்க இயலாது. நிதி தடையின்றி வர வேண்டும் என்று மருத்துவத் துறை வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

மாற்றுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி ஆற்று நீரைச் சுத்திகரித்து வழங்கும் ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் பாதிப்பு தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு மே மாதம் பயன்பாட்டிற்கு வந்தது. ஒரு நோயின் பெயரையே தன் பெயரில் தாங்கிய குடிநீர்த் திட்டம் இது.

இத்தகைய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இயக்குகிறது. வாரியத்தின் குழாய் ஊராட்சியின் தொட்டி வரை நீரைக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து தெருக்களுக்கும் வீடுகளுக்கும் நீரைப் பகிர்ந்தளிப்பது ஊராட்சியின் பொறுப்பு. மோட்டார் பழுது, மின்கட்டணம், தொட்டியைத் தூய்மை செய்தல், குளோரின் இடுதல், தொட்டி இயக்குபவரின் ஊதியம் ஆகிய அன்றாடச் செலவுகளை ஊராட்சி ஏற்க வேண்டியுள்ளது.

நிதி எந்தெந்த வழிகளில் வருகிறது?

முதலாவது, கட்டமைப்புக்கான நிதி. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஒவ்வோர் ஊரக வீட்டிற்கும் நாளொன்றுக்கு நபர் ஒருவருக்கு 55 லிட்டர் வீதம், தரமான நீரைக் குழாய் வழியே வழங்குவதை இலக்காகக் கொண்டது. இதன் மொத்த மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் செலவில் 10 விழுக்காடும், மலை, வனப் பகுதிகளிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் ஊர்களிலும் 5 விழுக்காடும் மக்கள் பங்களிப்பாகக் கருதப்படுகின்றன. அது பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அமையலாம்.

இரண்டாவது, நிதிக்குழு மானியம். பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 60 விழுக்காடு குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டுமே செலவிடத்தக்கது: 30 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றிற்கும், மற்றொரு 30 விழுக்காடு துப்புரவுக்கும் உரியது.

மூன்றாவது, ஊராட்சியின் சொந்த வருவாய். குடிநீர்க் கட்டணமும் இதில் அடங்கும். பெரும்பாலான சிற்றூர்களில் இதுவே மிகச் சிறிய பங்கு.

இடைவெளி எங்கே ஏற்படுகிறது?

ஜல் ஜீவன் இயக்கத்திற்கு முன்னர் நடைமுறையில் இருந்த தேசிய ஊரகக் குடிநீர்த் திட்டத்தை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆய்வு செய்து, 2018ஆம் ஆண்டு அறிக்கை அளித்தார். 2012 முதல் 2017 வரை 81,168 கோடி ரூபாய் செலவிடப்பட்ட போதிலும், பாதுகாப்பான குடிநீர் போதிய அளவில் கிடைத்த ஊரகக் குடியிருப்புகள் 44 விழுக்காடு மட்டுமே என்று அவ்வறிக்கை சுட்டியது.

அதன் பின்னர் வீட்டு இணைப்புகள் விரைந்து பெருகின. 2019இல் நாட்டின் ஊரக வீடுகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டிற்குக் குழாய் இணைப்பு இருந்தது. 2025இன் தொடக்கத்தில் அது 80 விழுக்காட்டை எட்டியது. ஆனால் இணைப்பு இருப்பதும், அதில் பாதுகாப்பான நீர் இடைவிடாது வருவதும் தனித்தனியே கணக்கிடப்பட வேண்டியவை. ஜல் ஜீவன் இயக்கத்தின் நிதி பெரும்பாலும் கட்டமைப்புக்கே உரியது. முந்தைய திட்டத்தில் இயக்கத்திற்கும் பராமரிப்புக்கும் தனிப் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இப்போது அப்பொறுப்பு மாநில அரசையும், நிதிக்குழு மானியத்தையும், பயனாளர் கட்டணத்தையும் சார்ந்துள்ளது.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆற்று நீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் புளோரைடும், ஊரிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் 3 மில்லிகிராமும் இருப்பதாகக் கொள்வோம். கூட்டுக் குடிநீர் குறைவாக வரும் நாள்களில் இரண்டையும் ஒரே தொட்டியில் சரிபாதியாகக் கலந்து விட்டால், வீட்டிற்கு வரும் நீரில் 1.65 மில்லிகிராம் புளோரைடு இருக்கும். இது அனுமதிக்கப்பட்ட உச்ச அளவையும் கடந்தது. குழாய் அதே குழாய். பதிவேட்டில் அந்த வீடு இணைப்புப் பெற்ற வீடு. குடும்பத்தினரும் ஆற்று நீரை அருந்துவதாகவே நம்பியிருப்பர். நோய் மட்டும் தொடரும்.

நிதிச் சீர்திருத்தம் எதைக் குறிக்கிறது?

2025-26 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் ஜல் ஜீவன் இயக்கம் 2028 வரை நீட்டிக்கப்படும் எனவும், கட்டமைப்பின் தரத்திலும் இயக்கம், பராமரிப்பிலும் கவனம் செலுத்தப்படும் எனவும் அறிவிக்கப்பட்டது. இத்திசை சரியானது. மக்கள் நல்வாழ்வு நோக்கில் பின்வரும் நான்கு கூறுகள் இன்றியமையாதவை.

1. பராமரிப்புக்கு உறுதியான நிதி. மின்கட்டணமும் பிற நிலுவைகளும் ஊராட்சியின் வருவாயை எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவதைக் கொண்டு குடிநீர்த் திட்டத்தைப் பேண இயலாது. மோட்டார் பழுதுபார்ப்பு, தொட்டி இயக்குபவர் ஊதியம், குளோரின் ஆகியவற்றிற்கான தொகை ஆண்டின் தொடக்கத்திலேயே தனியே ஒதுக்கப்பட வேண்டும்.

2. நீரின் அடிப்படையில் மதிப்பீடு. எத்தனை இணைப்புகள் என்பதோடு, ஆண்டில் எத்தனை நாள்கள், எவ்வளவு நீர், எத்தகைய தரத்தில் வந்தது என்பதும் நிதி விடுவிப்பின்போது கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

3. பரிசோதனைக்கும் அறிவிப்புக்கும் நிதி. ஜல் ஜீவன் இயக்கத்தில் 2 விழுக்காடு வரை நீர்த்தரக் கண்காணிப்புக்கு ஒதுக்க வழியுண்டு. ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி அளிக்கவும் வகை செய்யப்பட்டுள்ளது. அந்த முடிவுகள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் தவறாமல் வந்து சேர வேண்டும். எந்தத் தெருவின் நீரில் புளோரைடு மிகுந்துள்ளது என்று தெரிந்தால்தான், அத்தெருவின் குழந்தைகளை மருத்துவர் முன்கூட்டியே கவனிக்க இயலும்.

4. பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு முன்னுரிமை. மாநிலங்களுக்கு நிதி பகிர்வதில், வேதிப்பொருள் கலந்த நீரை நம்பி வாழும் மக்கள்தொகைக்கு 10 விழுக்காடு மதிப்பு அளிக்கப்படுகிறது. இந்த முன்னுரிமை மாநிலக் கணக்கோடு நின்றுவிடாமல், பாதிக்கப்பட்ட குடியிருப்பு வரை சென்றடைய வேண்டும். குழாய் நீர் வரும் வரை, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நபருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் வழங்கும் சமுதாய நீர் சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்கலாம். அவற்றின் வடிகட்டும் சவ்வுகளை உரிய காலத்தில் மாற்றவும் நிதி வேண்டும்.

மக்கள் கட்டணம் செலுத்துவது நியாயமா என்ற கேள்வி எழுவது இயல்பு. சிறு கட்டணம், சேவையைக் கேட்டுப் பெறும் உரிமையை வலுப்படுத்தும் என்பது ஒரு சாரார் கருத்து. புளோரோசிஸால் உழைக்கும் திறன் குன்றிய குடும்பத்திற்குச் சிறு கட்டணமும் சுமையே. அத்தகைய குடும்பங்களின் கட்டணத்தைப் பொது நிதி ஏற்பதும், எவருடைய இணைப்பும் நிலுவைக்காகத் துண்டிக்கப்படாமல் இருப்பதும் மருத்துவ நோக்கில் தேவையானவை.

நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டில்

• கூட்டுக் குடிநீர் குறைவாகக் கிடைத்தால், அதைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் சேமித்து வைக்கவும். குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தலாம்.
• 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்ற தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குப் பாதுகாப்பான நீரில் முதலிடம் அளிக்கவும்.
• பால், தயிர், கேழ்வரகு, கீரை வகைகள், நெல்லிக்காய், கொய்யா முதலிய சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி சத்தும் நிறைந்த உணவுகளைச் சேர்த்துக்கொள்ளவும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரின் அறிவுரைப்படி உண்ணவும்.
• கடுந்தேநீர், கறுப்பு உப்பு, பாக்கு ஆகியவற்றில் புளோரைடு உள்ளது. இவற்றைக் குறைக்கவும்.

ஊரில்

• உங்கள் குழாய் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் தனித்தனியே பரிசோதிக்குமாறு ஊராட்சியிடம் கோரவும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் நீர் மாதிரியை அளிக்கலாம்.
• ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அங்கு மூன்று கேள்விகளை எழுப்பலாம்: இவ்வாண்டு குடிநீருக்கு வந்த மானியம் எவ்வளவு, அது எதற்குச் செலவிடப்பட்டது? கடைசி நீர்ப் பரிசோதனையில் புளோரைடு அளவு என்ன? தொட்டியில் இருவகை நீரும் கலக்கப்படுகின்றனவா?
• அங்கன்வாடியிலும் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலும் சமையலுக்கு எந்த நீர் பயன்படுகிறது என்பதையும் கேட்டறியவும்.
• குடிநீர் தொடர்பான குறைகளை முதல்வரின் முகவரி உதவி எண் 1100இல் பதிவு செய்யலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு நீங்குமா?
நீங்காது. கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும். நீர் ஆவியாகிக் குறைவதால் புளோரைடின் செறிவு சற்றுக் கூடும்.

வீட்டு வடிகட்டி போதுமா?
சாதாரண வடிகட்டி புளோரைடை நீக்காது. ஆர்.ஓ. முறை நீக்கும், சவ்வு பழுதடைந்தால் பயன் குறையும். ஆகவே சுத்திகரித்த நீரையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

நோய் வந்த பின் நீரை மாற்றுவதால் பயன் உண்டா?
உண்டு. எலும்பில் உண்டான மாற்றம் மீளாவிடினும், நோய் மேலும் முற்றுவது தடுக்கப்படும். வயிற்று உபாதை போன்ற தொல்லைகள் சில வாரங்களில் குறையக்கூடும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?
முகவாயை மார்பில் தொட இயலாமை, முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரல்களைத் தொட இயலாமை, கைகளை உயர்த்திப் பின்தலையைத் தொட இயலாமை ஆகியவற்றில் ஒன்று இருப்பினும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். இவை வேறு நோய்களாலும் ஏற்படலாம். மருத்துவர் சோதித்து, தேவைப்பட்டால் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் பரிந்துரைப்பார். மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் அருந்தும் நீரின் பரிசோதனை முடிவு இருந்தால் உடன் கொண்டுவரவும். சிகிச்சையைத் திட்டமிட அது பெரிதும் உதவும்.