எட்டாம் வகுப்புச் சான்றும் ஒரு கருவாட்டுக் கூடையும்

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. எந்த நாளில் யார் எங்கே வலை விரிப்பது என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். பாடு இல்லாத நாள்களிலும், முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்து குறையும் மாதங்களிலும் பல வீடுகளைத் தாங்குவது பெண்களின் சிறுதொழில்தான்: கருவாடு, நண்டு, இறால் வியாபாரம், பனையோலைப் பின்னல்.

என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் இருந்தாள். வீட்டுக்குச் சென்றேன். கருவாடு விற்கும் அவள் அம்மா, மீன் வாங்க முதல் இல்லாமல் தண்டலில் கடன் வாங்கியிருந்தார். 10,000 ரூபாய் என்று பேசி 8,500தான் கையில் வந்தது. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அந்த 100 ரூபாய்க்காகத்தான் மகள் இறால் உரிக்கப் போனாள். “பேங்குல எங்களுக்கெல்லாம் யாரு டீச்சர் குடுப்பாங்க?” என்று கேட்டார்.

கொடுக்கும் இடங்கள் உண்டு. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதுதான் தெரிவதில்லை. நான் கேட்டறிந்த வரிசை இது:

1. குழு: முதலில் மகளிர் சுய உதவிக் குழு. 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் பணியாளர்களும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் இதற்கு உதவுவார்கள். சேமிப்பிலிருந்து உள்கடன், பிறகு வங்கிக் கடன் எனப் படிப்படியாக வளரலாம்.

2. பயிற்சி: ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் உணவுடன் இலவசப் பயிற்சி தருகின்றன. மீன் சார்ந்த தொழிலுக்குப் பொன்னேரி மீன்வளக் கல்லூரி அருகிலேயே உள்ளது.

3. பதிவு: ஆதார் இருந்தால் ‘உத்யம்’ பதிவு இலவசம், இதற்கென்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். கருவாடு போன்ற உணவுப்பொருளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் தேவை.

4. கடன்: முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் அடமானம் இல்லாமல் 50,000 ரூபாய் வரை பெறலாம். பெரிய தொழிலுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகப் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம். 2 லட்ச ரூபாயில் பனையோலைத் தொழில் என்றால் மானியம் 70,000, சொந்தப் பணம் 10,000. மானியம் கையில் வராது. வங்கியில் மூன்றாண்டு இருந்து கடனில் கழியும். இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், மையத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இதில் பள்ளிக்கு என்ன வேலை? படித்த இளைஞர்களுக்கான மாநில அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. அதற்குக் குறைந்தபட்சத் தகுதி எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. ஏழாம் வகுப்போடு நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கதவு அன்றே மூடிவிடுகிறது. அந்த அம்மாவும் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு தேறியவர். சான்று 2004 சுனாமியில் போய்விட்டது. பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துத் தலைமையாசிரியர் சான்று வழங்கினார்.

வகுப்பறையிலும் இடமிருக்கிறது. எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தில் தண்டல் கணக்கையே கொடுத்தேன். 8,500 ரூபாய்க்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 64 சதவீதம். அன்றாடம் முதலும் சேர்ந்து திரும்புவதால் உண்மை வட்டி இன்னும் அதிகம். வகுப்பு அமைதியானது. பல வீடுகளில் அந்த வசூல் நோட்டு இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கு இல்லையென்று அந்த அம்மாவின் முத்ரா விண்ணப்பம் ஒருமுறை திரும்பிவந்தது. இப்போது மகளே மீன் விலை, உப்பு, பேருந்துச் செலவு, விற்பனை என நோட்டு எழுதுகிறாள். அதற்குள் குழுவின் உள்கடனில் தண்டல் அடைந்துவிட்டது. இறால் உரிக்கப் போவதும் நின்றது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, இந்த நான்கு படிகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். முடிந்தால், மகளிர் குழுப் பணியாளரையும் வங்கி அலுவலரையும் அன்று அழையுங்கள்.