பத்து யூரோ வாடகை, 299 ஆண்டுக் குத்தகை

தேக்கா பக்கம் போகும்போது ஹேம்ப்ஷியர் ரோட்டில் நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்கும் கட்டடத்தைக் காட்டி, “நான் பிறந்தது இங்கேதான்” என்று சொல்லும் அப்பாவோ அத்தையோ நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை அங்கேதான் இருந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மகப்பேறு மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த ஆக அதிகப் பிரசவங்கள் என்று கின்னஸ் புத்தகத்திலும் அந்த எண்ணிக்கை ஏறியது. 1997இல் மருத்துவமனை இடம் மாறியது. புக்கிட் தீமா சாலையைக் கடந்தால் போதும், புதிய கட்டடம் வந்துவிடும்.

மகப்பேறு மருத்துவமனை இடம் மாறுவதெல்லாம் ஒரு பெரிய விவகாரமா என்று நமக்குத் தோன்றலாம். அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் அது மிகப் பெரிய விவகாரம். நகரின் நடுவில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டிய ஒரு மருத்துவமனைக்காக அமைச்சரவை, கன்னியர் மடம், வத்திகன், மருத்துவர்கள், வீதியில் இறங்கிய பெண்கள் என எல்லாரும் பேசினார்கள். 2013இல் அறிவிக்கப்பட்ட திட்டத்துக்கு அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்தது 2022இல்தான்.

எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு அங்கு விரைவாகவே பதில் கிடைத்துவிட்டது. அந்த இடம் யாருடையது என்ற கேள்விதான் ஒன்பது ஆண்டுகளைத் தின்றது.

ஏன் இடம் மாற வேண்டும்?

டப்ளினில் மூன்று பெரிய மகப்பேறு மருத்துவமனைகள் உள்ளன. 1745இல் தொடங்கிய ரொட்டுண்டா, 1826இல் தொடங்கிய கூம்ப், 1894இல் ஹாலஸ் ஸ்ட்ரீட்டில் தொடங்கிய தேசிய மகப்பேறு மருத்துவமனை. மூன்றாவதை டப்ளின்வாசிகள் தெருவின் பெயராலேயே ‘ஹாலஸ் ஸ்ட்ரீட்’ என்று அழைக்கிறார்கள். நம்மவர்கள் ‘கேகே’ என்று சொல்வதைப் போல.

மூன்றுமே தனித்து நிற்பவை. பிரசவம் பார்ப்பதில் பேர் பெற்றவை என்றாலும் இதயம், சிறுநீரகம், மூளை எனப் பிற துறைகளின் நிபுணர்கள் அதே வளாகத்தில் இல்லை. ஹாலஸ் ஸ்ட்ரீட்டில் தாய்மார்களுக்கான முழுமையான தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. பிரசவத்தின்போது ஒரு தாயின் நிலை மிகவும் மோசமானால் அவரை ஆம்புலன்சில் ஏற்றி வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கர்ப்பிணிகளின் வயதும் உடல்நிலையும் முன்பு போல் இல்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதில் தாயாகிறவர்கள், நீரிழிவோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் அதிகம். அவர்களுக்குப் பிரசவ அறையும் தீவிர சிகிச்சையும் ஒரே கூரையின்கீழ் இருப்பது உயிர்காக்கும் ஏற்பாடு. 2008இல் கேபிஎம்ஜி நிறுவனம் தந்த ஆய்வறிக்கையும் இதைத்தான் சொன்னது. மூன்று மருத்துவமனைகளும் பெரிய பொது மருத்துவமனைகளின் வளாகங்களுக்கு மாற வேண்டும் என்றது.

2013 மே மாதம் அப்போதைய சுகாதார அமைச்சர் ஜேம்ஸ் ரைலி முடிவை அறிவித்தார். டப்ளினின் தென்பகுதியில் உள்ள எல்ம் பார்க்கில், செயின்ட் வின்சென்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனை வளாகத்தில் புதிய மகப்பேறு மருத்துவமனை எழும். அன்று மதிப்பிடப்பட்ட செலவு 150 மில்லியன் யூரோ. இந்த இடத்தை மருத்துவ ரீதியில் குறை சொன்னவர்கள் குறைவு.

நிலத்துக்குச் சொந்தக்காரர்கள்

செயின்ட் வின்சென்ட்ஸ் மருத்துவமனையை 1834இல் தொடங்கியவர் மேரி ஐக்கன்ஹெட் என்ற கன்னியர். ‘சிஸ்டர்ஸ் ஆஃப் சேரிட்டி’ கத்தோலிக்கக் கன்னியர் சபையை நிறுவியவரும் அவரே. ஏழைகளுக்கு மருத்துவம் எட்டாத காலத்தில் அந்தச் சபை பெரும்பணி ஆற்றியது. மருத்துவமனை எல்ம் பார்க்குக்கு வந்தது 1970இல். நிலமும் நிர்வாகக் குழுமமும் சபையின் உடைமையாகத் தொடர்ந்தன.

சமய அமைப்புகள் மருத்துவமனை நடத்துவது நமக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் 1961இல் கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கிய மவுண்ட் அல்வெர்னியாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். ஆனால் அது தனியார் மருத்துவமனை. அதை நாடுவதும் நாடாததும் குடும்பத்தின் விருப்பம். டப்ளினில் கட்டப்படவிருந்தது வரிப்பணத்தில் எழும் தேசிய மருத்துவமனை.

2016 நவம்பரில் இரு மருத்துவமனைகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சமரசம் செய்துவைத்தவரின் பெயரால் அது ‘மல்வி உடன்பாடு’ எனப்பட்டது. புதிய மருத்துவமனையை நடத்தும் நிறுவனம் செயின்ட் வின்சென்ட்ஸ் குழுமத்துக்குச் சொந்தமாக இருக்கும். ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் இரு தரப்புக்கும் தலா நால்வர், வெளிநாட்டு நிபுணர் ஒருவர். சிகிச்சை முடிவுகளில் சமயம் தலையிடாது என்ற உறுதிமொழியும் அதில் இருந்தது.

2017 ஏப்ரலில் இந்த விவரங்கள் பரவலாகத் தெரியவந்தபோது மக்கள் கொதித்தார்கள். எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

அந்தக் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அயர்லாந்தில் ‘மேக்டலின் சலவைக்கூடங்கள்’ என்று இருந்தன. மணமாகாமல் கருவுற்றவர்கள் உள்ளிட்ட பல பெண்கள் அங்கு அடைத்துவைக்கப்பட்டு, கூலியின்றித் துணி வெளுத்தார்கள். அவற்றை நடத்திய நான்கு சபைகளில் இதுவும் ஒன்று. அந்தப் பெண்களுக்கு அரசாங்கம் ஏற்படுத்திய இழப்பீட்டுத் திட்டத்துக்கு நான்கு சபைகளும் பணம் தர மறுத்தன. பெண்களுக்குத் தர வேண்டியதைத் தராதவர்களிடம், பெண்களுக்கான தேசிய மருத்துவமனையைக் கொடுப்பதா என்று மக்கள் கேட்டார்கள்.

2017 மே மாத இறுதியில் கன்னியர் சபை, குழுமத்தில் இருந்து விலகுவதாக அறிவித்தது. ஆனால் சொத்தை மாற்றித் தருவதற்கு வத்திகனின் அனுமதி தேவைப்பட்டது. அனுமதி கிடைத்தது 2020இல். பங்குகள் புதிய அறநிறுவனம் ஒன்றுக்குக் கைமாறி முடிந்தது 2022 ஏப்ரலில்.

ஒரே குடும்பம், இரு பக்கம்

இந்த விவாதத்தில் நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் மறுபக்கம் என்று பிரித்துவிட முடியாது.

ஹாலஸ் ஸ்ட்ரீட்டின் தலைமை மருத்துவரை ‘மாஸ்டர்’ என்பார்கள். பதவிக்காலம் ஏழு ஆண்டுகள். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் டாக்டர் ரோனா மஹோனி. பழைய கட்டடத்தில் தாய்மார்கள் படும் பாட்டைத் தினமும் பார்த்தவர். உடன்பாட்டை ஏற்று உடனே இடம் மாற வேண்டும் என்று வாதாடினார்.

எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் அதே மருத்துவமனையின் முன்னாள் மாஸ்டர், டாக்டர் பீட்டர் பாய்லன். கத்தோலிக்க அமைப்புக்குச் சொந்தமான மருத்துவமனையில் கருத்தடை அறுவை சிகிச்சை, செயற்கைக் கருத்தரிப்பு, கருக்கலைப்பு போன்றவை தடையின்றி நடக்கும் என நம்ப முடியாது என்றார். 2017இல் மருத்துவமனையின் ஆளுநர் குழுவில் இருந்தும் விலகினார்.

இவர் அவருடைய சகோதரியின் கணவர். இருவரும் வாழ்நாள் முழுக்கப் பிரசவம் பார்த்தவர்கள். இடம் மாற வேண்டும் என்பதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாருடைய நிலத்தில், எந்த நிபந்தனையில் என்பதில்தான் பிரிந்து நின்றார்கள்.

சவிதாவின் நினைவு

இந்த விவாதத்தின் பின்னணியில் ஓர் இந்தியப் பெண்ணின் பெயர் எப்போதும் இருந்தது. சவிதா ஹலப்பனவர், வயது 31. கர்நாடகத்தின் பெல்காமில் வளர்ந்த பல் மருத்துவர். 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பிணியாக கால்வே நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கரு கலைவது தவிர்க்க முடியாதது எனத் தெரிந்தபின் கர்ப்பத்தை முடித்துவிடும்படி அவர் கேட்டார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் மறுக்கப்பட்டது. நச்சுத்தொற்று இரத்தத்தில் பரவி அக்டோபர் 28ஆம் தேதி உயிரிழந்தார்.

தாய்க்கும் கருவுக்கும் சமமான உயிர் உரிமை என்று 1983இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட எட்டாவது திருத்தம்தான் அன்று மருத்துவர்களின் கையைக் கட்டியது. 2018 மே 25ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அதை நீக்க வாக்களித்தனர். 2019 தொடக்கத்தில் இருந்து 12 வாரம் வரையிலான கருக்கலைப்பு சட்டப்படி நடக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவிதா இறந்தது கன்னியர் நடத்திய மருத்துவமனையில் அன்று. அது அரசாங்க மருத்துவமனை. சட்டம்தான் தடையாக இருந்தது, அது இப்போது மாறிவிட்டது, எனவே நிலம் யாருடையது என்பது பொருட்டல்ல என்றார்கள் திட்டத்தை ஆதரித்தவர்கள். போராடிப் பெற்ற உரிமையை ஒரு குத்தகைப் பத்திரத்தின் வாசகத்தில் இழக்க மாட்டோம் என்றார்கள் எதிர்த்தவர்கள். இரண்டு வாதங்களும் அதே மரணத்தில் இருந்துதான் பிறந்தன.

இரண்டு சொற்களுக்கு இரண்டு வாரம்

நிலத்தை அரசாங்கத்துக்கே விற்றுவிட்டால் சிக்கல் தீர்ந்திருக்கும். வளாகத்தில் ஒருங்கிணைந்த சிகிச்சைக்கு நிலம் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று கூறி, செயின்ட் வின்சென்ட்ஸ் குழுமம் விற்க மறுத்தது. கட்டாயமாகக் கையகப்படுத்தினால் வழக்கு இழுக்கும் என்ற அச்சமும் இருந்தது. கடைசியில் கண்ட வழி குத்தகை. கட்டடம் அரசாங்கத்துக்குச் சொந்தம். நிலம் 299 ஆண்டுக் குத்தகைக்கு. வாடகை ஆண்டுக்கு 10 யூரோ. நிபந்தனைகளை மீறினால் அது 850,000 யூரோ வரை உயரலாம்.

2022 மே 3ஆம் தேதி இது அமைச்சரவைக்கு வந்தது. அப்போது எல்லார் கண்ணிலும் பட்டது பத்திரத்தில் இருந்த ஒரு வாசகம். ‘மருத்துவ ரீதியில் பொருத்தமான’, சட்டம் அனுமதிக்கும் சேவைகள் எல்லாம் வழங்கப்படும் என்று அது சொன்னது. பொருத்தமானது எது என்று தீர்மானிப்பது யார் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். வளாகம் வேறு வகை மருத்துவத்துக்குத் திசைமாறாமல் இருக்கத்தான் அந்தச் சொற்கள் என்றது அரசாங்கம். ஆவணங்கள் வெளியிடப்பட்டு, முடிவு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

மே 17ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மறுநாள் நாடாளுமன்றத்தில், மருத்துவமனை முழுமையாகப் பொது உடைமை நிலத்தில் இருக்க வேண்டும் என்ற எதிர்க்கட்சித் தீர்மானத்துக்கு ஆளும் கூட்டணியின் பசுமைக் கட்சி உறுப்பினர்கள் இருவர் ஆதரவாக வாக்களித்தனர். அதற்காக ஆறு மாதம் நாடாளுமன்றக் கட்சியில் இருந்து விலக்கிவைக்கப்பட்டனர். செலவோ ஒரு பில்லியன் யூரோவை நெருங்கும் என்று அப்போதே பேசப்பட்டது.

தாமதத்தின் விலை

இதில் வென்றது யார்? எதிர்ப்பாளர்கள் இல்லாவிட்டால் கன்னியர் சபை விலகியிருக்குமா, கட்டடம் அரசாங்கத்துக்குச் சொந்தமாகியிருக்குமா, பத்திரங்கள் பொதுமக்கள் கண்ணுக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. அவர்கள் கேட்ட கேள்விகள் வீண்போகவில்லை.

மறுபக்கம், அந்த ஒன்பது ஆண்டுகளும் ஹாலஸ் ஸ்ட்ரீட்டில் பிரசவங்கள் நிற்கவில்லை. வலி கண்டு வந்தவர்கள் அதே நெரிசலான வார்டுகளில் படுத்தார்கள். நிலை மோசமானவர்கள் அதே ஆம்புலன்சில் ஏறினார்கள். அறைக்குள் நடந்த பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு இருக்கை இல்லை. நிலம் யாருடையது என்ற கேள்வியை 2013இலேயே வெளிப்படையாகக் கேட்டிருந்தால், உடன்பாடு கையெழுத்தான பிறகு அதை அவிழ்க்க நேர்ந்திருக்காது.

நம் வீட்டில் யாராவது கருவுற்றால் மருத்துவமனையை எப்படித் தேர்வு செய்கிறோம்? வீட்டில் இருந்து எவ்வளவு தூரம், கட்டணம் எவ்வளவு, அக்காவுக்குப் பார்த்த டாக்டர் இருக்கிறாரா என்று விசாரிக்கிறோம். இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் தாய்க்குத் தீவிர சிகிச்சை அதே இடத்தில் கிடைக்குமா, வேறிடம் போக வேண்டுமா? இங்கு செய்ய மாட்டோம் என்று மருத்துவமனை வைத்திருக்கும் சிகிச்சைகள் ஏதேனும் உண்டா? தயங்காமல் கேட்கலாம், முதல் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே.